27 புள்ளிகளில் ஓர் ஆள்: பால்டர்ஸ் கேட் 3 ஆட்டத்தில் முதல் கதாபாத்திரத்தை உருவாக்குதல்

முன்கதைக் காட்சி ஓடி முடிந்ததும் பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி ஆட்டம் நம் முன் ஓர் உருவத்தை நிறுத்திவிட்டு, 'இவர் யார்?' என்று கேட்காத குறையாகப் பட்டியல்களை விரிக்கிறது. 11 இனங்கள், 12 தொழில்கள், 6 ஆற்றல்கள், அவற்றோடு பின்புலங்கள், உட்பிரிவுகள், மந்திரங்கள், தலைமுடியின் நிறம், குரல் என்று அது நீண்டுகொண்டே போகும். பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்தைச் சேர்ந்த லாரியன் ஸ்டூடியோஸ் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட இந்த ஆட்டத்தை ஆசையோடு வாங்கிவிட்டு, இந்த ஒரு திரையிலேயே மாலைப்பொழுது முழுவதையும் கழித்துக் களைத்துப்போய்க் கணினியை அணைத்தவர்களை எனக்குத் தெரியும்.

நான் அணைக்கவில்லை, ஆனால் செய்த காரியம் அதைவிட மோசம். எதிலும் குறை இருக்கக் கூடாது என்று எண்ணி, ஆறு ஆற்றல்களுக்கும் 13, 13, 13, 12, 12, 12 என்று சமமாகப் பங்கிட்டேன். ஆட்டம் செலவுக்குக் கொடுக்கும் புள்ளிகள் 27. என் பங்கீடும் ஒன்று கூடாமல் குறையாமல் 27-இல் முடிந்ததில் எனக்குப் பெருமை வேறு. அடுத்த சில மணி நேரத்தில் அந்த ஆள் பேசப் போன இடத்தில் பேச்சு எடுபடவில்லை, வாளை வீசினால் பாதி வீச்சு காற்றில் போனது, பூட்டைத் திறக்கப் போனால் கருவி உடைந்தது. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவருக்கு அந்த உலகத்தில் எந்த வேலையும் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். எதை விட்டுக்கொடுப்பது என்று தீர்மானிப்பதுதான் இந்தத் திரையில் நமக்கு இருக்கும் வேலை என்பது அப்போதுதான் புரிந்தது. இந்தக் கட்டுரை அந்தத் தீர்மானத்தை எப்படி எடுப்பது என்பதைப் பற்றியது.

இத்தனை எண்கள் எங்கிருந்து வந்தன என்று முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா என்ற ஊரிலிருந்து 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆட்டம்தான் இவற்றுக்கெல்லாம் தாய்வீடு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கிய அந்த ஆட்டத்தில் தாளும் பென்சிலும் பகடையும்தான் கருவிகள். ஒவ்வோர் ஆற்றலுக்கும் மூன்று பகடைகளை உருட்டி, விழுந்த எண்களைக் கூட்டி எழுதிக்கொள்ள வேண்டும். குறைந்தது 3, அதிகபட்சம் 18. அந்த 18 விழுவதற்கான வாய்ப்பு 216-இல் ஒன்று மட்டுமே. அதாவது உங்கள் கதாபாத்திரம் யார் என்பதை நீங்கள் தேர்ந்தெடுத்ததைவிடப் பகடை தேர்ந்தெடுத்ததே அதிகம். 1998-இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட் கணினி ஆட்டத்திலும் ஆற்றல்களைப் பகடைதான் தீர்மானித்தது. ஆனால் அங்கே மறுபடி உருட்டுவதற்கு ஒரு பொத்தான் இருந்ததால், நல்ல எண் விழும்வரை அதை விடாமல் அழுத்திக்கொண்டே இருப்பது ஒரு தனி விளையாட்டாகவே ஆகிவிட்டது. மூன்றாவது ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு விதிகளைத் தழுவியது. இதில் ஆற்றல்களுக்குப் பகடை இல்லை. எல்லோருக்கும் ஒரே 27 புள்ளிகள், அவற்றைக் கொண்டு கடையில் பொருள் வாங்குவதைப் போல ஆற்றல்களை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல முடியாத ஏற்பாடு என்பதால், தவறு நேர்ந்தால் அது நம்முடையதாகவே இருக்கும்.

ஆறு ஆற்றல்களின் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் இருப்பதால் அவற்றின் பொருளைத் தெளிவாகப் பிடித்துக்கொள்வது நல்லது. ஸ்ட்ரெங்த் என்பது உடல்வலு: கனத்த ஆயுதத்தைச் சுழற்றுவது, எதிரியைத் தள்ளுவது, தூரம் தாண்டுவது, சுமை தூக்குவது எல்லாம் இதைச் சேர்ந்தவை. டெக்ஸ்டெரிட்டி என்பது கைத்திறனும் உடலின் துடிப்பும் சேர்ந்தது. வில், குறுவாள், பூட்டுத் திறப்பு, ஒளிந்து நடப்பது ஆகியவற்றோடு, சண்டையில் யார் முதலில் கை ஓங்குவது என்பதையும் பெரும்பாலும் இதுவே முடிவு செய்கிறது. கான்ஸ்டிடியூஷன் என்பது தாங்கும் உறுதி; எத்தனை அடி வாங்கியும் நிற்பீர்கள் என்பது இதில் இருக்கிறது. மந்திரக்காரர்களுக்கும் இது தேவை. ஏனெனில் நீண்ட நேரம் நிலைக்கும் மந்திரம் ஒன்றைப் போட்டுவிட்டு நிற்கும்போது அடி விழுந்தால், கவனம் சிதறாமல் அதைக் காப்பாற்றுவது இந்த எண்தான்.

அடுத்த இரண்டில்தான் புதியவர்கள் வழக்கமாகக் குழம்புகிறார்கள். இன்டெலிஜென்ஸ், விஸ்டம் இரண்டுமே அறிவைக் குறிப்பவைபோலத் தோன்றும். ஆனால் தமிழில் இந்த வேறுபாட்டுக்கு ஏற்கெனவே இரண்டு சொற்கள் இருக்கின்றன: முன்னது படிப்பறிவு, பின்னது பட்டறிவு. பழைய சுவடியில் உள்ள மந்திரக் குறியை இனங்காண்பது படிப்பறிவு. எதிரே பேசுபவர் பொய் சொல்கிறார் என்று முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வதும், தரையில் பதுங்கியிருக்கும் பொறியைக் கண்டுபிடிப்பதும் பட்டறிவு. கடைசியாகக் கரிஸ்மா. இதை அழகு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வாயைத் திறந்தால் அவை அடங்கும் தோரணை என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். கெஞ்சுவது, மிரட்டுவது, ஏமாற்றுவது, மேடையில் வாசித்துக் கூட்டத்தைக் கட்டிப்போடுவது நான்கும் இதன் கீழ் வருகின்றன.

இந்த எண்கள் ஆட்டத்தில் எப்படி வேலை செய்கின்றன? ஏதாவது ஒன்றைச் செய்ய முயலும்போது 20 பக்கங்கள் கொண்ட பகடை ஒன்று திரையில் உருளும். விழும் எண்ணோடு உங்களுக்கு உரிய கூட்டெண் சேர்க்கப்படும். மொத்தம், அந்தச் செயலுக்கு நிர்ணயித்த இலக்கை எட்டினால் வெற்றி. தாயக்கட்டை உருட்டிப் பழகியவர்கள் ஒன்று விழுந்தால் துள்ளுவார்கள்; இங்கே ஒன்று விழுந்தால் வேறு எது இருந்தாலும் தோல்வி, 20 விழுந்தால் எது இல்லாவிட்டாலும் வெற்றி. கூட்டெண்ணைக் கணக்கிடுவது எளிது. ஆற்றலின் அளவு 10 அல்லது 11 என்றால் பூச்சியம். அங்கிருந்து மேலே இரண்டு படிக்கு ஒன்று கூடும், கீழே இரண்டு படிக்கு ஒன்று குறையும். 12-க்கும் 13-க்கும் கூட்டெண் 1, 14-க்கும் 15-க்கும் 2, 16-க்கும் 17-க்கும் 3. அதேபோல் 8 என்றால் ஒன்றைக் கழிக்க வேண்டும்.

இதில் ஒளிந்திருக்கும் முக்கியமான செய்தி, ஒற்றைப்படை எண்கள் பெரும்பாலும் வீண்செலவு என்பதுதான். 12 தரும் அதே பலனைத்தான் 13-உம் தருகிறது. என் முதல் ஆளுக்கு மூன்று இடங்களில் 13 போட்டேன் அல்லவா? அதில் மூன்று புள்ளிகள் எதற்கும் உதவாமல் போயின.

பகடைக்கு 20 பக்கங்கள் இருப்பதால், கூட்டெண்ணில் ஒன்று கூடினால் வெற்றி வாய்ப்பு 5 விழுக்காடு கூடுகிறது. இது அற்பமாகத் தோன்றலாம். வாசலில் நிற்கும் காவலரைப் பேசிச் சம்மதிக்க வைக்க இலக்கு 15 என்று வைத்துக்கொள்வோம். கரிஸ்மா 16 உள்ள ஒருவருக்குக் கூட்டெண் 3. அவர் பேச்சுத் திறனில் தேர்ச்சியும் பெற்றிருந்தால் முதல் லெவலில் அதற்கு இன்னும் 2 சேரும். மொத்தம் 5 கையில் இருப்பதால் பகடையில் 10 விழுந்தாலே போதும். வாய்ப்பு 55 விழுக்காடு. கரிஸ்மா 8 உள்ள, தேர்ச்சியும் இல்லாத ஒருவர் அதே காவலரிடம் போய் நின்றால் அவருக்கு 16 விழ வேண்டும்; வாய்ப்பு 25 விழுக்காடு. ஒருவர் பேசினால் இரண்டில் ஒரு முறைக்கு மேல் கதவு திறக்கிறது, மற்றவர் பேசினால் நான்கில் ஒரு முறை. இந்த ஆட்டம் முழுவதும் இப்படிப்பட்ட உருட்டல்களால் ஆனது என்பதால் இந்த இடைவெளி சிறிதல்ல.

இனி அந்த 27 புள்ளிகளைக் கையில் எடுப்போம். எல்லா ஆற்றல்களும் 8-இல் தொடங்குகின்றன. 15-க்கு மேல் வாங்க முடியாது. 13 வரை ஒவ்வொரு படிக்கும் விலை ஒரு புள்ளி. 14-க்கும் 15-க்கும் ஏறும் கடைசி இரண்டு படிகளுக்கு மட்டும் தலா இரண்டு புள்ளிகள். ஆக 14 வரை போக 7 புள்ளிகளும், 15 வரை போக 9 புள்ளிகளும் செலவாகும். மூன்று ஆற்றல்களை 15-க்கு உயர்த்தினால் 27-உம் தீர்ந்து மற்ற மூன்றும் 8-இலேயே கிடக்கும்; இது ஒரு கோடி என்றால், நான் செய்த சமப்பங்கீடு மறுகோடி. வாங்கி முடித்த பிறகு, விரும்பிய ஓர் ஆற்றலில் 2, வேறொன்றில் 1 என்று ஆட்டம் இலவசமாக இன்னொரு சலுகையையும் தருகிறது.

ஒரு கதாபாத்திரத்தை நாமே கட்டிப் பார்க்கலாம். பாலடின் என்ற தொழிலை எடுத்துக்கொள்கிறேன். சபதம் ஏற்று, அந்தச் சபதத்திலிருந்தே தெய்வ வல்லமை பெறும் போர்வீரர். இவருக்கு வாள் வீச உடல்வலு வேண்டும், மந்திரத்துக்கும் பேச்சுக்கும் கரிஸ்மா வேண்டும், முன்வரிசையில் நிற்பதால் தாங்கும் உறுதியும் வேண்டும். முதல் முயற்சியாக உடல்வலு 15, கரிஸ்மா 15, உறுதி 14 என்று வாங்கினால் 25 புள்ளிகள் போய்விடும். மீதி இரண்டில் டெக்ஸ்டெரிட்டியை 10 ஆக்கலாம். சலுகையைச் சேர்த்தால் உடல்வலு 17, கரிஸ்மா 16. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 17-க்கும் 16-க்கும் கூட்டெண் ஒன்றுதானே? ஆகவே உடல்வலுவை 14-இல் நிறுத்திச் சலுகையின் 2-ஐ அதில் போட்டால் 16 வந்துவிடும்; கரிஸ்மாவை 15 வரை வாங்கிச் சலுகையின் 1-ஐ அதில் போட்டால் அதுவும் 16. இப்படிச் செய்ததில் இரண்டு புள்ளிகள் மிச்சமாகும். அவற்றைக் கொண்டு டெக்ஸ்டெரிட்டியை 12-க்கு உயர்த்தினால் அங்கே கூட்டெண் 1 ஆகிறது. இந்த ஆட்டத்தில் சண்டை வரிசையைத் தீர்மானிப்பது 4 பக்கப் பகடைதான் என்பதால், அதில் கூடும் ஒன்று 20 பக்கப் பகடையில் கூடும் ஒன்றைவிட மிகப் பெரியது. எதிரிக்கு முன்னால் நம் முறை வருவது இதனால் கண்கூடாக மாறும்.

இதற்கு எதிராக ஒரு நியாயமும் உண்டு. நான்காம் லெவலில் ஆற்றலை உயர்த்திக்கொள்ளவோ, ஃபீட் எனப்படும் சிறப்புத் திறமை ஒன்றைப் பெறவோ வாய்ப்பு வரும். சில ஃபீட்கள் ஓர் ஆற்றலில் ஒன்றையும் கூட்டித் தரும் என்பதால் 17-இல் இருப்பவர் அப்போது 18-ஐ எட்டிவிடலாம். தொலைநோக்கோடு திட்டமிடுபவர்கள் அதனால்தான் 17-ஐ விரும்புகிறார்கள். முதல் முறை விளையாடுபவருக்கு அந்தக் கணக்கு அவசியமில்லை என்பது என் கருத்து.

ஆக நம் பாலடினின் கணக்கு உடல்வலு 16, டெக்ஸ்டெரிட்டி 12, உறுதி 14, கரிஸ்மா 16, படிப்பறிவு 8, பட்டறிவு 8 என்று முடிகிறது. கடைசி இரண்டு எண்களைப் பார்த்து மனம் பதறும். பட்டறிவு 8 என்றால் பொறி இருக்கும் இடத்தில் இவர் கண் தெரியாதவர் போல நடந்துபோவார்; பொய்யரை நம்புவார். அந்தப் பதற்றத்தில்தான் கைகள் கரிஸ்மாவிலிருந்து இரண்டை எடுத்துப் பட்டறிவில் போடப் போகும். போட வேண்டாம். காரணம், இவர் தனியாகப் போவதில்லை.

நம்மோடு சேர்த்து ஒரே நேரத்தில் நால்வர் நடக்கும் ஆட்டம் இது. கதையின் தொடக்கத்திலேயே துணைவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள்: லேய்செல் ஒரு போர்வீரர், ஷேடோஹார்ட் தெய்வத்தை வணங்கிக் குணமளிக்கும் கிளெரிக், அஸ்டாரியன் பூட்டுத் திறந்து ஒளிந்து தாக்கும் ரோக், கேல் நூல்களைக் கற்றுத் தேர்ந்த மந்திரவாதி. வாள், மருந்து, திருட்டுக்கை, மந்திரம் ஆகிய நான்கும் இலவசமாகவே கிடைத்துவிடுகின்றன. ஷேடோஹார்ட்டின் பட்டறிவும் கேலின் படிப்பறிவும் 17. இந்த நால்வரில் எவருக்கும் இல்லாதது நாவன்மை. கேலுக்கு மட்டும் கரிஸ்மா 12. மற்றவர்களுக்கு 10, 8 என்றே நிற்கிறது. முக்கியமான உரையாடல்களில் பெரும்பாலும் நீங்கள் உருவாக்கிய கதாபாத்திரமே பேச நேர்வதாலும், நடுவில் துணைவரை முன்னால் தள்ளிவிட முடியாததாலும், அந்தக் குழுவில் காலியாக இருக்கும் நாற்காலி பேச்சாளருடையது. புதியவர்களுக்குக் கரிஸ்மா சார்ந்த தொழில்களையே நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் இதுதான்.

அத்தகைய தொழில்கள் நான்கு. பாலடின் ஒன்று. இரண்டாவது பார்ட், அதாவது நம் பாணன். யாழோ குழலோ கையில் வைத்துக்கொண்டு, இசையையே மந்திரமாக்கி, சண்டையில் நண்பர்களை ஊக்கி எதிரிகளைக் கிண்டலாலேயே காயப்படுத்துபவர். மற்ற இரண்டும் மந்திரத் தொழில்கள். இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம்: விசார்ட், சோர்சரர், வார்லாக் என்ற மூன்று பெயர்களையும் தமிழில் மந்திரவாதி என்றே சொல்லத் தோன்றும். விசார்டுக்கு மந்திரம் படித்து வந்தது, சோர்சரருக்குப் பிறப்பில் வந்தது, வார்லாக்குக்கு ஒரு பெரிய சக்தியிடம் ஒப்பந்தம் போட்டுக் கடனாக வந்தது. எனவேதான் விசார்டுக்குப் படிப்பறிவும் மற்ற இருவருக்கும் கரிஸ்மாவும் முதன்மை ஆற்றல்களாக இருக்கின்றன. இவர்களில் வார்லாக் விளையாடுவதற்கு எளிது. அவருக்கு மந்திர வாய்ப்புகள் எண்ணிக்கையில் குறைவு என்றாலும், சிறிய ஓய்வு எடுத்தாலே அவை திரும்பிவிடும். மற்றவர்களோ பெரும்பாலும் இரவு முகாம் போட்டுத் தூங்கி எழ வேண்டும்.

மற்ற தொழில்களை விருப்பப்பட்டவர் எடுத்துக்கொள்ளலாம், தவறொன்றும் இல்லை. போர்வீரரும், வெறிகொண்டு சண்டையிடும் பார்பேரியனும் ஆட மிக எளியவர்கள்; உறுதி 14 என்றால் முதல் லெவலில் போர்வீரருக்கு உயிர்ப்புள்ளி 12, பார்பேரியனுக்கு 14, விசார்டுக்கு 8 மட்டுமே. ட்ரூயிட் விலங்காக உருமாறுவார். அது வேடிக்கைதான், ஆனால் படிக்க வேண்டிய விதிகள் அதிகம். எந்தத் தொழிலைத் தொட்டாலும் ஆட்டமே அதற்கு ஏற்ற ஆற்றல் பங்கீடு ஒன்றைப் போட்டுத் தந்துவிடும். மேலே சொன்ன கணக்கெல்லாம் தலையைச் சுற்றினால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு போனாலும் கதை முழுவதையும் முடித்துவிட முடியும்.

இனத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பழைய பதிப்புகளில் இனத்தோடு ஆற்றல் எண்களும் கட்டுண்டு இருந்தன. இந்த ஆட்டத்தில் சலுகைப் புள்ளிகளை எந்த இனத்தவரும் விரும்பிய இடத்தில் போடலாம் என்பதால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது. மிஞ்சி இருப்பவை சிறிய சிறப்புகள். அவற்றில் அன்றாடம் உதவுவது இருட்டில் பார்க்கும் கண். எல்ஃப், பாதி எல்ஃப், நிலத்தடி எல்ஃபான ட்ராவ், குள்ளர், நோம், டீஃப்லிங், பாதி ஆர்க் ஆகியோருக்கு அது உண்டு. மனிதர், ஹாஃப்லிங், டிராகன்பார்ன், கித்யாங்கி ஆகியோருக்கு இல்லை. குகைகளும் நிலவறைகளும் நிறைந்த கதையில் இருட்டில் அம்பு எய்பவருக்கு இந்த வேறுபாடு உறைக்கும். ஹாஃப்லிங்கின் சிறப்பு எனக்கு மிகவும் பிடித்தது: பகடையில் ஒன்று விழுந்தால் அவர் மறுபடி உருட்டிக்கொள்ளலாம். பாதி ஆர்க் சாய்ந்து விழ வேண்டிய அடியில், ஒரே ஓர் உயிர்ப்புள்ளியோடு நின்றுவிடுவார். இவற்றைவிட, பார்க்கும் மக்கள் உங்களை நடத்தும் விதம் இனத்தைப் பொறுத்து மாறும் என்பதே சுவையானது. ட்ராவ் ஒருவரைக் கண்டால் சிலர் ஒதுங்குவார்கள், சிலர் அஞ்சி வழிவிடுவார்கள்.

பின்புலம் என்பது கதை தொடங்குவதற்கு முன் இவர் என்னவாக இருந்தார் என்பது. ஒவ்வொரு பின்புலமும் இரண்டு திறன்களில் தேர்ச்சி தரும். தெருவில் வளர்ந்த அநாதைக்கு ஒளிந்து நடப்பதும் கைத்திருட்டும், அறிஞருக்கு மந்திரக் கல்வியும் வரலாறும், பிரபுவுக்கு வரலாறும் பேசி இணங்கவைப்பதும், சிப்பாய்க்கு உடற்திறனும் மிரட்டலும் வருகின்றன. நம் பாலடினைப் பிரபுவாக்கினால் இணங்கவைக்கும் திறன் பின்புலத்திலிருந்தே கிடைத்துவிடும்; தொழில் தரும் இரண்டு தேர்வுகளில் அதையே மறுபடி தேடாமல் மிரட்டலையும் உடற்திறனையும் எடுத்துக்கொள்ளலாம். பின்புலத்துக்குப் பொருத்தமாக நடந்துகொள்ளும்போது இன்ஸ்பிரேஷன் என்ற சிறு பரிசு கிடைக்கும். தோற்ற பகடையை அதைக் கொடுத்து மறுபடி உருட்டலாம். ஒரே நேரத்தில் நான்கு வரை சேர்த்து வைத்துக்கொள்ள முடியும்.

எண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாத்திரம் ஏற்பது எங்கே போனது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாலடினை எடுத்துக்காட்டாக எடுத்ததற்கு இன்னொரு காரணமும் இதுதான். தொடக்கத் திரையில் அவருக்கு நான்கு சபதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள்: அறத்தைக் காக்கும் சபதம், உயிர்களையும் இயற்கையையும் காக்கும் பழஞ்சபதம், தீயவரைப் பழிவாங்கும் சபதம், சட்டத்தையும் ஒழுங்கையும் காக்கும் முடியின் சபதம். இது வெறும் பெயரல்ல. தேர்ந்த சபதத்துக்கு மாறாக நடந்தால் அது முறிந்துவிடும், அதனோடு வந்த வல்லமையும் போய்விடும். அன்றைக்குக் கவசம் பூண்ட ஒருவர் முகாமுக்கு வந்து, சபதம் முறித்தவனின் வழி என்ற இன்னொரு பாதையை முன்வைப்பார். பழிவாங்கும் சபதம் ஏற்றவர் குற்றவாளியிடம் இரக்கம் காட்டுவதுகூடச் சில இடங்களில் குற்றமாகிவிடும். நல்லவராக இருப்பதற்கும் சபதத்துக்கு உண்மையாக இருப்பதற்கும் இடையில் வரும் இந்த இழுபறியை, எண்கள் எவையும் எனக்குக் கற்றுத்தரவில்லை. சபதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விவரத்தை ஒரு முறைக்கு இரு முறை படித்துவிட்டு, அந்த மனிதர் எதைப் பார்த்தால் பொறுக்கமாட்டார் என்று ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வந்தால் சரியான சபதம்.

முன்பே எழுதிவைத்த நாயகர்களை எடுத்துக்கொள்ளவும் ஆட்டம் இடம் தருகிறது. அஸ்டாரியனாகவோ கேலாகவோ நீங்களே விளையாடலாம். ஆனால் முதல் முறை அவர்களைத் துணைவர்களாக வெளியிலிருந்து பார்ப்பதே நல்லது. அவர்களுடைய இரகசியங்கள் அவர்கள் வாயாலேயே வெளிவரும்போதுதான் சுவை. டார்க் அர்ஜ் என்ற இன்னொரு வாய்ப்பு தோற்றத்தையும் தொழிலையும் நம் விருப்பத்துக்கு விட்டுவிட்டு, கொடூரமான கடந்தகாலத்தை மட்டும் கட்டிவிடும். இரத்தம் தெறிக்கும் காட்சிகள் அதில் ஏராளம் என்பதால் அதை இரண்டாம் சுற்றுக்கு ஒதுக்கிவைக்கலாம்.

தோற்றத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் செலவிடுங்கள், அதற்கு விதி ஒன்றும் இல்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: எல்லாம் முடிந்தது என்று எண்ணும்போது, காவலர் ஒருவரின் தோற்றத்தையும் வடிவமைக்கச் சொல்லி இன்னொரு திரை வரும். தன் கதாபாத்திரம் அழிந்துபோய்விட்டதோ என்று அங்கே திகைப்பவர்கள் உண்டு. அது உங்கள் ஆள் அல்ல. கதையில் பின்னால் வரும் ஒருவர். அவர் யார் என்று இங்கே சொல்லிவிட்டால் கதையைக் கெடுத்த பாவம் என்னைச் சேரும்.

தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம்தான் பலரையும் அந்தத் திரையில் மணிக்கணக்கில் உட்காரவைக்கிறது. இந்த ஆட்டத்தில் அந்த அச்சத்துக்கு இடமில்லை. முதல் பகுதியில் ஒரு பழைய நிலவறைக்குள் விதர்ஸ் என்ற எலும்பும் தோலுமான ஒருவர் படுத்திருப்பார். நீங்கள் அவரைக் கண்டுபிடிக்காமல் போனாலும் பிறகு அவராகவே முகாமுக்கு வந்துவிடுவார். முகாமில் அவரிடம் 100 பொற்காசுகள் கொடுத்தால் தொழில், ஆற்றல், திறன், மந்திரம் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து எழுதிக்கொள்ளலாம். துணைவர்களுக்கும் இதே வசதி உண்டு. 2023 செப்டம்பரில் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு முகாமில் ஒரு மாயக்கண்ணாடியும் இருக்கிறது; முகத்தையும் முடியையும் குரலையும் அதில் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதவற்றில் முக்கியமானவை இனமும் பின்புலமும். ஆகவே நிதானமாக யோசிக்க வேண்டிய பக்கங்கள் பெரும்பாலும் அந்த இரண்டுதான். மற்றவற்றைத் துணிந்து தொட்டுப் பார்க்கலாம்.

என் சமப்பங்கீட்டு நாயகரையும் அவரிடம்தான் அழைத்துப்போனேன். 100 காசுகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, மேலே சொன்ன கணக்கின்படி பாலடினாக மாற்றி, படிப்பறிவிலும் பட்டறிவிலும் 8 என்று எழுதும்போது கை கொஞ்சம் கூசியது. முகாமிலிருந்து மறுபடி நிலவறைக்கு வந்து வெளியேறும் வழியில் தரையில் ஒரு பொறி இருந்தது. நால்வருக்காகவும் பகடை உருண்டது. எதிர்பார்த்தபடியே என் ஆள் அதைக் கவனிக்கவில்லை. இரண்டடி பின்னால் வந்த ஷேடோஹார்ட் கவனித்துவிட்டார்.